ஒரு கழித்தல் குறி

பெயர் வரும் என்றுதான் மரகதவல்லி இரண்டாவது வரிசையில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். இந்த ஸ்லைடில் இல்லாவிட்டால் அடுத்ததில் வரும். மேடையில் கனகசபாபதி பேசிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பிரபஞ்சம் பிறந்த கதையைச் சொல்ல ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள், இந்த மதுரைப் பக்கத்துப் பெண்கள் கல்லூரிக்கு வந்ததே பெரிய விஷயம் என்று முதல்வர் காலையிலிருந்து நாலு பேரிடம் சொல்லிவிட்டார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது, அதுகூட அவனுக்கு அழகாகத்தான் வெளுத்திருந்தது. அவளுக்கோ டை அடித்து அடித்து வகிட்டில் ஒரு செம்பட்டைக் கோடு. வாசலில் வரவேற்கும் வரிசையில் நின்றபோது எல்லாருக்கும் கும்பிட்டதுபோல அவளுக்கும் கும்பிட்டான். "நீங்க பிசிக்ஸ் டிபார்ட்மெண்டா மேடம்? ரொம்ப சந்தோஷம்." மேடமாம். சைதாப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில் அவள் டிபன் பாக்ஸிலிருந்து உரிமையாக எலுமிச்சைச் சோறு எடுத்துத் தின்ற வாய் அது. அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துதான் தெரியாததுபோலப் போனானா? கண் ஒரு நொடி நின்றது. நின்றதா, இல்லை அவளாக நினைத்துக்கொண்டாளா? பக்கத்தில் பர்வீன் குனிந்து, "எவ்வளவு ஈஸியா சொல்றாரு பாத்தீங்களா மேடம்" என்றாள். பர்வீன் துறையில் அவளுக்கு ஜூனியர், நல்ல பெண், யார் பேசினாலும் அசந்துபோகிறவள். "ம்" என்றாள் மரகதவல்லி.

அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு மனப்பாடம். பிரபஞ்சம் பிறந்ததும், கண் இமைக்கும் நேரம் என்று சொன்னால்கூட அது யுகமாகிவிடும், அவ்வளவு சின்னப் பொழுதில், அணுவுக்கும் சின்னதாக இருந்தது மடமடவென்று வீங்கியது. எது வீங்க வைத்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தனியாக ஒரு புலம் இருந்தது, அது தள்ளியது என்பார்கள். அந்தப் புலத்தை யாரும் கண்டதில்லை. "நாங்க அப்படிச் சொல்லல" என்றான் கனகசபாபதி, தமிழில் பேசுவதற்காக ஏற்கெனவே ஒரு கைதட்டல் வாங்கியிருந்தான். "புதுசா எதுவும் வேண்டாம். ஈர்ப்பு விசை இன்னைக்கு இருக்கிற மாதிரியே அன்னைக்கும் இருந்திருக்கணும்னு யார் சொன்னது? ஈர்ப்போட சமன்பாட்டையே கொஞ்சம் மாத்தினா, ஈர்ப்பே பிரபஞ்சத்த வீங்க வைக்கும்." நாங்க. அந்த நாங்க-வில் யார் யார்? அவள் மடியில் கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள். வீங்க வைப்பது பெரிய விஷயமே இல்லை, அதை எவன் வேண்டுமானாலும் செய்வான். நிற்க வைப்பதுதான் கஷ்டம். வீங்கியது நிற்காவிட்டால் நட்சத்திரம் கிடையாது, பூமி கிடையாது, இந்தச் செமினார் ஹாலும் கடகடவென்று சத்தம் போடுகிற இந்த ஃபேனும் கிடையாது. நிற்க வைத்தது அவள். இருபத்தைந்து வயசில், சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, எவனோ காலை மிதித்த அதே நேரத்தில் தோன்றியது. வீங்கினால் வெளியின் வளைவு குறையும். வீங்க வைக்கிற பிடி அந்த வளைவோடுதானே கட்டியிருக்கிறது? வளைவு குறையக் குறையப் பிடி தளரும். தானே நின்றுவிடும், யாரும் நிறுத்த வேண்டாம். அன்றைக்கே டீக்கடையில் அவனிடம் சொன்னாள். சபா, அப்போது அவன் வெறும் சபா, வடையைக் கடித்தவன் மெல்லாமல் அப்படியே நின்றான். அந்த முகத்தில் பொறாமை துளிகூட இல்லை, சந்தோஷம்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கலாம், வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

இந்த யோசனை மரகதவல்லியுடையது. அவ்வளவுதான் வேண்டும். பணமா கேட்டாள், பதவியா கேட்டாள், மேடையில் நாற்காலியா கேட்டாள்? ஒரு வாக்கியம். அவள் துறையில் ஆண்டு தவறாமல் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நியூட்டன் வளையம் காட்டி, ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணை வைக்கச் சொல்லி, பிசுக்குப் பிடித்த லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்தே ரிட்டயர் ஆகப்போகிறவள். அவளுக்கும் ஒரு நாள் ஒரு பெரிய யோசனை வந்தது என்று இந்த ஹாலில் இருக்கிற இருநூறு பேருக்குத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும். முன் வரிசைப் பெண்ணின் பின்னலில் மல்லிகை வாடிக்கொண்டிருந்தது. வராந்தாவிலிருந்து பஜ்ஜி எண்ணெய் வாசம் வந்தது. முழங்கால் வலித்தது, நீட்ட இடமில்லை. ஸ்லைடு மாறியது. தானே நிற்கும் வீக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், கீழே ஒரு படம், மேலே ஏறி அப்புறம் படுத்துக்கொள்கிற ஒரு கோடு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்வான். "இந்த ஐடியா எப்படி வந்ததுன்னா" என்று ஆரம்பித்தான். சொல்லப்போகிறான். சொன்னதும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்தபடியே தலையசைத்தால் போதுமா, இந்தச் சேலையைப் போய்க் கட்டிக்கொண்டு வந்தோமே. "ஒரு நாள் சும்மா டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப வந்தது" என்றான். ஹால் சிரித்தது. டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்ததாம். யாருக்கு வந்தது? டீக்கா?

சரி, இன்னும் முடியவில்லை. கடைசியில் நன்றி சொல்கிற ஸ்லைடு ஒன்று இருக்கும். அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் அவன் சிரித்துக்கொண்டே, "ஸ்டூடண்ட்ஸுக்கு ஒரு கதை சொல்றேன்" என்றான். "எங்க முதல் பேப்பர்ல என்கூட ஒரு பொண்ணு வேலை பாத்தா. ரொம்பக் கெட்டிக்காரி. ஆனா ஒரே ஒரு எடத்துல சைன் தப்பா போட்டுட்டா. ப்ளஸ் வர வேண்டிய எடத்துல மைனஸ். அவ்வளவுதான், பேப்பர் அச்சாகி வந்த பெறகு பாத்தா எங்க பிரபஞ்சம் நிக்கவே மாட்டேங்குது, வீங்கிக்கிட்டே போகுது!" கையை விரித்துக் காட்டினான். இருநூறு பேரும் சிரித்தார்கள். பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதனால பிள்ளைகளா, எதை விட்டாலும் சைன மட்டும் விட்டுறாதீங்க." மரகதவல்லியும் சிரித்தாள். சிரித்தே விட்டாள், அதை நினைத்துத்தான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் எல்லாரும் சிரிக்கும்போது முகம் தானாக இளித்துவிடுகிறது, இத்தனை வருஷம் ஸ்டாஃப் ரூமில் பழகிய முகம். பொய். நாக்கூசாமல் சொல்கிறான். கூசாமல்தானா, அல்லது அவனே அப்படித்தான் நம்புகிறானா? சொல்லிச் சொல்லி அவனுக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டதா? நடந்தது அவளுக்கு நேற்று மாதிரி இருக்கிறது. வளைவுக்குக் கூட்டல் கழித்தல் குறி போடுவதில் இரண்டு வழக்கம் உண்டு, சில புத்தகங்களில் பந்தின் வளைவு கூட்டல், சிலவற்றில் கழித்தல். இரண்டும் சரிதான், இடது பக்கம் வண்டி ஓட்டும் ஊரும் வலது பக்கம் ஓட்டும் ஊரும் இருப்பதுபோல. பாதி ரோட்டில் பக்கம் மாறினால்தான் மோதல். அவள் தன் பங்கை ஒரு வழக்கத்தில் போட்டுக் கொடுத்தாள். அவன் வேறு புத்தகத்திலிருந்து தன் பங்கைப் போட்டு இரண்டையும் ஒட்டினான். "உன் புக்ல வளைவுக்கு வேற சைன், சபா, பாத்து ஒட்டு" என்று வாயால் சொன்னாள். "தெரியும், தெரியும்" என்றான். ஒட்டினான், அச்சானது, வெளியூர்க்காரர் ஒருவர் தப்பு என்று எழுதினார். ஆராய்ச்சிக் கைடு இரண்டு பேரையும் கூப்பிட்டு யார் செய்தது என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மரகதம் பார்ட்ல வந்திருச்சு சார்" என்றான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்தாகிவிட்டது, பால் காய்ச்சும்போது, பரிட்சை ஹாலில் சூப்பர்விஷன் போட்டு நடக்கும்போது, பிரசவ வார்டில்கூட. அவனுக்கு வெளிநாட்டில் இடம் கிடைக்கிற நேரம், கைடின் சிபாரிசில்தான் எல்லாம் இருந்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெளியே வந்ததும் அவன் கையைப் பிடிக்காத குறையாக, "உனக்கு இதனால ஒண்ணும் ஆகிறாது, எனக்குப் பொழப்பே போயிரும்" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது, அப்போது. உனக்கு ஒன்றும் ஆகாது. ஆகவில்லைதான். கல்யாணம் ஆனது, வேலை கிடைத்தது, பெண் பிறந்தது. அடுத்த வருஷம் அவன் குறியைத் திருத்தித் தனியாக ஒரு பேப்பர் போட்டான், அதில் அவன் பெயர் மட்டும் இருந்தது, அதுதான் உலகமெல்லாம் ஓடியது. அவளிடம் தங்கியது வேறு ஒன்று. கேஸ் அடுப்புக் குமிழை மூடிவிட்டு மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்த்துத் தெரு முனை வரை வந்து திரும்பிப் போய் இழுப்பாள். "ஏம்மா இப்படிப் பண்றே" என்று மகள் கத்துவாள். மார்க் கூட்டிவிட்டு மறுபடி கூட்டுவாள். போகப்போக ராத்திரியில் ஒரு பயம் வர ஆரம்பித்தது, ஒருவேளை நான்தான் செய்தேனோ? வாயால் சொன்னதாக நினைப்பது நானாகக் கட்டிக்கொண்டதோ? தப்பு செய்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான், செய்யாதவள் எழுந்து போய்க் குழாயை இறுக்குகிறாள். என்ன பிழைப்பு இது.

பேச்சு எங்கோ போய்விட்டிருந்தது. திரையில் இப்போது இந்த வருஷத்துச் சமன்பாடு, திரை கொள்ளாத நீளம். பழைய ஈர்ப்போடு அடைப்புக்குறிக்குள் புதுப் பகுதி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம், அதுவும் வளைவோடு கட்டியதுதான், இதனால் கணக்கு வானத்து அளவீடுகளோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது என்றான். பிள்ளைகள் படம் எடுத்தார்கள். மரகதவல்லியின் கண், கேஸ் குமிழுக்குப் போகிற கைபோல, தானாக வளைவுக்குப் போனது. மேல் வரியில் வளைவின் மதிப்பு கூட்டல் பன்னிரண்டு. சரி. கீழ் வரியில், புது அடைப்புக்குள், அதே வளைவு கழித்தல் பன்னிரண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கழித்தல்தான். ஒரே வளைவு, ஒரே பிரபஞ்சம், மேலே கூட்டல், கீழே கழித்தல். அந்த அடைப்பை எவருடைய பேப்பரிலிருந்தோ எடுத்திருக்கிறான், அவர்கள் மற்ற வழக்கக்காரர்கள், அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிட்டான். அடப்பாவி. மறுபடியும் ஒட்டினாயா? இல்லை, இரு, அவசரப்படாதே, சைன் தப்பாகப் போடுகிறவள் நீதானே, இப்போதுதானே இருநூறு பேர் சிரித்தார்கள். விரலால் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். அடைப்பின் குறியை மேல் வரியோடு ஒத்துப்போகிற மாதிரி திருத்தினால் பிடி தளராது, இறுகும். வீக்கம் நிற்காது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். நிற்காது. சேலை மடிப்பில் போட்டாள், நாற்காலிக் கையில் போட்டாள். "என்ன மேடம், கையில ஏதும் எறும்பு கடிச்சிருச்சா?" என்று பர்வீன் கேட்டாள். நிற்காது, நிற்காது, எப்படிப் போட்டாலும் நிற்காது. உலகமெல்லாம் ஓடுகிற பெரிய ஆள், பக்கத்தில் எத்தனை மாணவர்கள், எத்தனை கம்ப்யூட்டர், ஒருத்தன் பார்க்கவில்லையா? பார்க்கத் தோன்றியிருக்காது. சைன் தப்பு செய்வது அந்தப் பொண்ணுதானே. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத, கசப்பான சந்தோஷம், பித்தவாந்தி எடுத்ததும் வருகிற மாதிரி ஒரு தெளிச்சல். நான் இல்லை. அன்றைக்கும் நான் இல்லை. கை அதே கை, ஒட்டியதும் அதே மாதிரி.

நன்றி ஸ்லைடு வந்தது. பத்துப் பதினைந்து பெயர்கள், மங்கோலியாவில் இருக்கிறவன் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும் முதல்வர், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். ஒரு பெண் கடவுளைப் பற்றிக் கேட்டாள், இன்னொருத்தி வெளிநாட்டில் படிக்க என்ன மார்க் வேண்டும் என்று கேட்டாள். மரகதவல்லி கையைத் தூக்கியதை முதலில் அவளே கவனிக்கவில்லை. மைக் வந்தது. பர்வீன் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அந்தப் பெரிய சமன்பாட்டுக்கு ஒரு தடவை போறீங்களா சார்" என்றாள். குரல் நடுங்காதது அவளுக்கே அதிசயம். அவன் போனான். "மேல் வரியில வளைவு ப்ளஸ் பன்னெண்டு. கீழ மைனஸ் பன்னெண்டு. ஒரே பிரபஞ்சத்துக்கு எப்படி சார் ரெண்டும்?" ஹாலில் யாருக்கும் புரியவில்லை, ஏதோ பெரிய கேள்வி என்ற மரியாதையில் அமைதியானார்கள். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தான், முகம் முழுக்கச் சிரிப்பு. "மரகதவல்லி மேடத்துக்கு இன்னும் அந்தப் பழைய சைன் பயம் போகல" என்றான். "இனிமே மறைக்க வேண்டாம். நான் சொன்ன கதையில வந்த பொண்ணு இவங்கதான். உங்க மேடம்தான். எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!"

கை தட்டினார்கள். விசில்கூட வந்தது. அவள் பெயர் வந்துவிட்டது, ஒலிபெருக்கியில், முழுப் பெயராக. கேட்டது கிடைத்துவிட்டது, எடுத்து எங்கே வைப்பது? அடையாளம் தெரிந்துதான் வாசலில் மேடம் என்றிருக்கிறான். "மேடம், நீங்களா! ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" என்று பர்வீன் கையைப் பிடித்துக் குலுக்கினாள், அவள் கண்ணில் நிஜமாகவே பெருமை. முதல்வர் மைக்கில், நம் கல்லூரிக்கே கௌரவம் என்றார். அவள் கையிலிருந்த மைக்கை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் உட்காரவில்லை. "கேள்விக்குப் பதில் வரல" என்றாள். மைக் இல்லாததால் முன் வரிசைக்கு மட்டும் கேட்டது. "கேள்விக்குப் பதில் வரல சார்." உட்கார மாட்டேன். பதில் வருகிற வரைக்கும் இப்படியே நிற்பேன், பைத்தியம் என்று நினைக்கட்டும், இந்த ஒரு தடவை உட்கார மாட்டேன். அப்போது தொகுத்து வழங்கிய பெண் நேரத்தைப் பார்த்துவிட்டு, "நாட்டுப்பண்" என்றாள். ஹால் முழுக்க எழுந்து நின்றது. அவள் நின்றது அதோடு போயிற்று, இருநூறு பேரில் ஒருத்தியாக அவளும் நின்றுகொண்டிருந்தாள். அவனும் மேடையில் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான். அசையக் கூடாது, பேசக் கூடாது, கண்ணை எங்காவது வைக்க வேண்டும். அவளைப் பார்க்க முடியாமல் அவன் கண் திரைக்குப் போனது. திரையில் அந்தச் சமன்பாடு அப்படியே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கண் மேல் வரிக்குப் போயிற்று, கீழ் வரிக்கு வந்தது, மறுபடி மேலே போயிற்று. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு முகத்திலேயே மறந்து நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

பாட்டு முடிந்ததும் நாற்காலிகள் இழுபட்டன, பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடினார்கள். அவன் நேராகப் போய் லேப்டாப்பை மூடினான். திரை வெறும் நீலமானது. போட்டோகிராஃபர் துறை ஆசிரியர்களை மேடைக்கு வரச் சொன்னார், "மேடம், நீங்கதான் சார் பக்கத்துல நிக்கணும்" என்று பர்வீன் இழுத்துக்கொண்டு போய் அவளை அவன் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் தோளில் பொன்னாடை. உதட்டை அசைக்காமல், கேமராவைப் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நீ சொன்னது சரிதான், மரகதம்."

"மைக்ல சொல்லு."

"எல்லாரும் டீக்குப் போயிட்டாங்க."

"அன்னைக்கும் நீதான். அதையும் சேத்துச் சொல்லு, சபா. மைக் அங்கதான் இருக்கு."

அவன் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தான். போட்டோகிராஃபர் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தி, "மேடம், சார் எவ்வளவு அழகா சிரிக்கிறாரு பாருங்க, நீங்களும் கொஞ்சம் சிரிங்க" என்றார்.